இரவல் குரல்

இனியா அதிகம் பேச மாட்டாள். என் கடையில் வந்து சேர்ந்த புதிதில் வாடிக்கைக்காரப் பெண்கள் அவளை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். பட்டுப்புடவையைப் பிரித்துப் போட்டு, முந்தானைக்கு எந்த மாதிரிக் குச்சு கட்டலாம் என்று கேட்பார்கள். அவள் போனில் படங்களை எடுத்துக் காட்டுவாள், தலையாட்டுவாள், சிரிப்பாள். விலையை நான் சொல்வேன். எனக்குத்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து வாய் இருக்கிறதே.

அவளுக்குக் கட்டைக் குரல். ஆண் குரல் என்று ஊரார் சொல்வார்கள். அவள் பெண், அது அவள் தொண்டையிலிருந்து வருகிறது, அப்புறம் அது எப்படி ஆண் குரலாகும் என்று நான் சண்டைக்குப் போவேன். ஒருநாள் கண்ணமங்கலம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக் குழந்தைக்கு அவள் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்டக்டர் வந்ததும் "ரெண்டு டிக்கெட் குடுங்கண்ணா" என்று இனியா கேட்டாள். அவ்வளவுதான். அந்த அம்மா குழந்தையை வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு வெளியில் இனியா வாயே திறப்பதில்லை.

"மூஞ்சிக்கு பவுடர் இருக்குது ரேணுக்கா. குரலுக்கு இன்னாத்த பூசறது?" என்று கேட்பாள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்கிற விஷயமா அது.

அவள் பிறந்த வீடும் ஆரணியில்தான், என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா வேணுகோபால் பட்டு நெசவாளி. கூடத்திலேயே தறி. அம்மா பொன்னம்மாளுக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. தறியில் தீர்ந்துபோன பாவின் நீளவாட்டு இழை நுனியோடு புதுப்பாவின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும்.

இனியா பள்ளிக்கூடம் முடித்ததும் வீட்டைவிட்டுப் போனவள். ஆபரேஷன் எல்லாம் செய்துகொண்டு, புடவை கட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்க்கத் திரும்பி வந்தாள். பொன்னம்மாள் அப்போது கண் வைத்தியத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டில் அப்பாவும் பங்காளிகளும்தான். அவளைத் தெருவில் இழுத்துப் போட்டு முடியை அறுத்தார்கள். "இன்னொரு தபா இந்தத் தெருவுல கால் வெச்சியானா இந்தத் தறிக்கயித்துலயே தொங்கிடுவேன். உங்கம்மா தாலிய நீயே அறுத்தா மாதிரி ஆவும்" என்றார் வேணுகோபால். சொன்னால் செய்கிற ஆள். அந்த பயத்திலேயே இனியா அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருந்தாள்.

பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் ஒரு கதை கட்டினார். பிள்ளை பம்பாயில் காய்ச்சலில் செத்துப்போய்விட்டது, அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று. மனுஷன் கூசாமல் சொல்லியிருக்கிறார். பொன்னம்மாள் அதை முழுசாக நம்பவில்லை. "காரியம் பண்ணாத சாவ நான் எப்டி நம்பறது?" என்று மூத்த மகனின் பெண்டாட்டி பானுப்ரியாவிடம் சொல்லுவாராம். மருமகளுக்கு உண்மை தெரியும். மாமனாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் ஒருமுறை புடவை விசாரிக்கிற சாக்கில் அந்த வீட்டுக்குப் போய், இனியாவுக்குப் போன் போட்டு, பொன்னம்மாள் காதில் வைக்கப் பார்த்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதே வேணுகோபால் பிடுங்கித் தறிக்குழிக்குள் எறிந்தார். இனிமேல் வாசற்படி ஏறக்கூடாது என்று என்னைத் துரத்திவிட்டார்.

மனுஷர் யாரும் நுழைய முடியாத அந்த வீட்டில் ஒரு ரேடியோ மட்டும் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். பாலாறு வானொலி என்று எங்கள் பக்கம் கேட்கிற அரசாங்க நிலையம். அதில் காலையில் வரும் 'பெண்மணி நேரம்' என்றால் பொன்னம்மாளுக்கு உயிர். வேணுகோபாலே நேரம் பார்த்து வைத்துவிடுவார்.

போன பிப்ரவரியில் அந்த நிலையத்திலிருந்து சத்யப்ரியா என்று ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என் கடைக்கு வந்தார். மகளிர் தினத்துக்குப் பெண்கள் உரிமை பற்றிச் சிறப்பு நிகழ்ச்சியாம். என்னைத் தேடித்தான் வந்தார். என்னை விட்டுவிட்டு ஓடிப்போன என் புருஷன் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட்டு நான் கோர்ட்டுக்கு அலைகிற கதை ஊருக்கே தெரியும். மைக்கைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம், புருஷனையும் வக்கீலையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

பேசி முடித்ததும் அவர் இனியாவைப் பார்த்தார். "நீங்களும் பேசலாமே. திருநங்கைகள் பிரச்சனையையும் இந்த வருஷம் கண்டிப்பா சேர்க்கணும்னு இருக்கோம்."

இனியா வழக்கம்போல் தலையை ஆட்டி மறுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அந்தக் கட்டைக் குரலில் கேட்டாள். "எதுல வரும் மேடம்?"

"பெண்மணி நேரத்துலதான்."

அவள் கையிலிருந்த பட்டு நூல் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தது, ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் படுக்க வைப்பது என்று தெரியாமல் வராந்தாவிலேயே போட்டு வைத்தது, எல்லாம் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். கடைசியில், "மேடம், எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிக்கலாமா?" என்று கேட்டாள். சத்யப்ரியா சரி என்றார்.

"எம்மா, நான்தாம்மா. நான் சாவல. இங்கதான் ஆரணியிலதான் இருந்துகினு இருக்கிறேன். மூணு வேளையும் துன்றேன். மாத்திரைய வுட்டுடாத. சாம்பல் பட்டு விரலு வெடிச்சா தேங்காண்ணெ தடவு. என் குரல் உனுக்குத் தெரியுதில்ல? நான்தாம்மா."

சத்யப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பெண்மணி. அதுதான் எனக்கு இன்னமும் ஆற மாட்டேன் என்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

அன்று கடை சாத்திவிட்டுப் போகும்போது இனியா பூக்காரியிடம் தானே விலை கேட்டாள், பேரம் பேசினாள். பூக்காரி ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்ததற்கும் அசரவில்லை. "எங்கம்மாவுக்கு இப்ப என் மூஞ்சி தெரியாதுக்கா. இந்தக் குரல் மட்டும்தான் அதுக்குத் தெரியும். இது மாறாம இருந்ததே நல்லதாப் போச்சி" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரல் மேல் அவளுக்குப் பிரியம் வந்திருந்தது.

மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பொன்னம்மாளை நான் பார்த்தது அந்த வாரக் கடைசியில்தான். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேணுகோபால் வரிசையில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, "எம்மா, உம்புள்ள உயிரோட இருக்குது. பொண்ணா மாறிடிச்சி. புடவ கட்டிகினு அவ்ளோ அழகா இருக்குது. இனியான்னு பேரு. மகளிர் தினத்தன்னிக்கு ரேடியோல பேசும், கேளு" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சாம்பல் அரித்த சொரசொரப்பு. "அவரு ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்றே. நான் யாரக் கண்டேன். அதும் குரல ஒரு தபா கேட்டுட்டேன்னா போதும்மா. கண்ண மூடிகினு நம்பிடுவேன்" என்றார். அதற்குள் வேணுகோபால் திரும்பிவிட்டார். நான் நகர்ந்துவிட்டேன்.

மகளிர் தினம் வந்தது. கடையில் நானும் இனியாவும் மட்டும். அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். போனில் ரேடியோவை வைத்தோம். முதலில் என் பேச்சு. என் குரலைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது, மழைக்காலத் தவளை மாதிரி. இருமல், வக்கீலைத் திட்டியது எல்லாம் அப்படியே வந்தது.

"அடுத்து, ஆரணியைச் சேர்ந்த திருநங்கை இனியா பேசுகிறார்" என்றார்கள். இனியா என் முழங்கையைப் பிடித்தாள்.

வந்தது வேறொரு குரல். தேனில் தோய்த்தது போன்ற பெண் குரல். செய்தி வாசிக்கிற சுத்தமான தமிழ். "வணக்கம். என் பெயர் இனியா. திருநங்கைகளாகிய நாங்களும் இச்சமுதாயத்தின் ஓர் அங்கமே" என்று ஆரம்பித்து, அவள் சொன்னதையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி வாசித்தது. தேங்காயெண்ணெய் இல்லை. மாத்திரை இல்லை. கடைசியில், "அம்மா, நான் நலமாக இருக்கிறேன். என் குரல் உங்களுக்குத் தெரிகிறதா?" என்று ஒரு இழுப்பு. கூடவே வீணை.

நான் போனைப் பார்த்துக் கத்தினேன். இனியா கத்தவில்லை. "எங்கம்மா கேட்டுகினு இருக்குமேக்கா" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து நடந்தாள். அப்பா தறிக்கயிற்றில் தொங்குவார் என்ற பயமெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அந்த நேரத்தில் வீட்டுக்குள் நடந்ததைப் பானுப்ரியா பிறகு அழுதுகொண்டே சொன்னாள். ரேடியோவில் பெயரைச் சொன்னதும் பொன்னம்மாள் முகம் மலர்ந்ததாம். பேச்சு தொடங்கியதும் இழையைப் பிணைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டதாம். "இது யாரு?" என்று கேட்டிருக்கிறார். முடிகிறவரைக்கும் கேட்டுவிட்டு, தறிப் பக்கம் திரும்பினாராம். "இனியான்றது நம்ம புள்ளன்னு சொன்னாங்க. இது யாரோ. எனுக்குக் கண்ணுதான் போச்சி, காது போவல. நீங்களாவது நெசத்த சொல்லுங்க. நம்ம புள்ள போயிட்டுதா?"

வேணுகோபால் தறியை நிறுத்தினார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "அதான் அன்னிக்கே சொன்னனே" என்றாராம்.

நாங்கள் தெரு முனைக்குப் போகும்போதே ஒப்பாரி கேட்டது. காரியம் பண்ணாத சாவுக்கு இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை. பிள்ளையை அவர் எப்போதும் ராசா என்றுதான் கூப்பிடுவாராம், இனியா சொல்லியிருக்கிறாள். ஒப்பாரியில் ராசா இல்லை.

"பொடவ கட்டி நின்னியாமே, பாக்காம போனேனே, எம்பொண்ணே, ராசாத்தி. பூ வெச்சிப் பாக்காம பறிகுடுத்தேனே, எம்பொண்ணே, ராசாத்தி."

இனியா அப்படியே நின்றுவிட்டாள்.

"போடி, போய்க் கூப்புடு" என்று நான் தள்ளினேன்.

"பொண்ணுன்னு சொல்லுதுக்கா." அவள் முகத்தில் அழுகையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "இரு. இன்னும் ஒரே ஒரு தபா சொல்லட்டும்."

பொன்னம்மாள் இன்னொரு முறை சொன்னார். அப்புறம் சத்தம் நின்றது. மூச்சு வாங்குகிறார் என்றுதான் நினைத்தோம். பானுப்ரியா "அத்தே" என்று அலறிய பிறகுதான் ஓடினோம்.

அவளை யாரும் தடுக்கவில்லை. தொங்கிவிடுவேன் என்ற மனுஷன் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இனியா அம்மாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "எம்மா, நான்தாம்மா. உன் ராசாத்தி. என் குரல் தெரியலயா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். அந்தக் குரலை அவள் ஒளிக்கவே இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸிலும் விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உயிர் போகும்போது அவருக்குக் காது கேட்டிருக்கும், மகள் வந்தது தெரிந்துதான் போயிருப்பார் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இனியாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் தன் பெண் செத்துப்போய்விட்டாள் என்ற நினைப்போடுதான் போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சத்யப்ரியா போன் செய்தார். இனியா ஸ்பீக்கரில் போட்டாள். நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அழுதார். "பெண்கள் நிகழ்ச்சியில ஆம்பளக் குரல் வருதேன்னு நேயர்கள் கேலி பண்ணுவாங்கன்னு மேலிடத்துல சொன்னாங்கம்மா. உங்களுக்கு அசிங்கம் வரக்கூடாதுன்னுதான் மாத்தினோம்." என் தவளைக் குரலை மாற்றவேண்டும் என்று எந்த மேலிடத்துக்கும் தோன்றவில்லை பாருங்கள். கேட்கலாம் என்று வாயெடுத்தேன், இனியா கையமர்த்தினாள்.

"நான் சண்டை போட்டு அனுமதி வாங்கிட்டேன் இனியா. வர்ற வாரம் மறு ஒலிபரப்பு. இந்தத் தடவ உங்க குரலையே போடறோம். நீங்க அம்மாகிட்ட பேசினது உட்பட, ஒரு வார்த்த விடாம."

இனியா கையிலிருந்த நூலை அறுத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள்.

"யாருக்கு மேடம்?" என்றாள்.

அவள் போனை வைத்துவிட்டு, கட்டி முடிக்காத முந்தானையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விலையை நான்தான் சொன்னேன்.