ஒரு மணித்தியாலம் வெறும் வானம்

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. எங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுக் குசினியில் மின்னடுப்பின் மணிக்கூடு எட்டு என்றது, என் கைபேசி ஒன்பது என்றது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வருடாவருடம் போலக் கோடைக்காக நாடு முழுவதும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். அடுப்பின் மணிக்கூட்டை மாற்றும் வித்தை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குளிர்காலம் முழுக்கச் சரியாகவும் கோடைகாலம் முழுக்கப் பிழையாகவும் அது தன்பாட்டில் ஓடும்.

"உந்த அடுப்பை நம்பி இண்டைக்குக் கோயிலுக்குப் பிந்திப் போறன்," என்றார் அம்மா.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்காலத்தில் சரி, கோடையில் பிழை. அப்படியான இன்னொரு மணிக்கூடு எனக்குத் தெரியும். அது லீ ஆற்றங்கரையில் ஒரு பழைய கிடங்கினுள்ளே, என்னை வெளியே அனுப்பிய கம்பனியின் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னடி பிள்ளை, காலமை தனியச் சிரிக்கிறாய்?"

"அம்மா, அவங்கள் இண்டையிலிருந்து வெறும் வானத்தைத்தான் பாக்கப்போறாங்கள்."

"ஆர்?"

"அண்ணா."

அம்மா சேலைத் தலைப்பைச் செருகுவதை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். கோயில் மறந்துபோயிற்று. "சொல்லு," என்றார்.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் அண்ணை என்றுதான் கூப்பிட்டிருப்பேன். 'அண்ணா' என்று எங்கள் வீட்டில் சொன்னால் அது ஒரே ஆள், அந்தக் கம்பனியில் எனக்கு மேலே இருந்தவர். கோயம்புத்தூர்க்காரர். நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, "தமிழா? அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? இனிமே அண்ணான்னு கூப்பிடு, தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன்," என்று கதவு வரை வந்து சொன்னவர். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இரண்டு வருடம் நாயாய் உழைத்தேன்.

விண்வெளி என்றால் பெரிய நாடுகளின் காரியம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். நெதர்லாந்தில் பிறந்து, பள்ளிக்கூடக் காலத்தில் லண்டனுக்கு வந்தவள் நான். உலகத்தையே வைத்திருந்த இந்த நாடு, விண்வெளியில் சின்ன நாடுதான். ஏவுவதற்குச் சொந்த ராக்கெட் இல்லை, அடுத்தவனின் ராக்கெட்டில் இடம் கேட்டு ஏறவேண்டும். வடக்கே தூரத்துத் தீவுகளில் ஏவுதளம் வருகிறது, வருகிறது என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆனால் ரயில் பாலத்து வளைவுகளின் கீழேயும், முன்பு தளபாடம் அடுக்கிவைத்த கிடங்குகளிலும், காலணிப் பெட்டி அளவில் செய்மதி செய்யும் சின்னச் சின்னக் கம்பனிகள் முளைத்தன. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பியர் காய்ச்சுவார்கள், இந்தப் பக்கம் நாங்கள் சூரியத் தகடு ஒட்டுவோம். எங்கள் கிடங்கில் மழை ஒழுகும். செய்மதியின் மேலே ஒழுகாதபடி தறப்பாள் கட்டியிருந்தோம். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது. சனிக்கிழமையும் போய் நிற்பேன்.

என் வேலை காது. செய்மதி லண்டனுக்கு மேலே வரும்போது கூரையில் உள்ள அன்டெனா அதன் பக்கம் திரும்பி, அதோடு சேர்ந்தே நகர்ந்து, அது சொல்வதைக் கேட்கவேண்டும். எப்போது வரும், எந்தப் பக்கம் எழும் என்று கணித்து அன்டெனாவைத் திருப்பும் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியது நான். உலகம் முழுக்க இந்தக் கணக்குக் கிரீனிச் நேரத்தில்தான் நடக்கும். குளிர்காலத்தில் லண்டன் மணிக்கூடும் கிரீனிச் மணிக்கூடும் ஒன்று. கோடையில் ஒரு மணித்தியாலம் விலகும். ஆகவே கணினியின் மணி எதுவாக இருந்தாலும் கிரீனிச் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு துண்டையும் எழுதி வைத்திருந்தேன்.

அண்ணா அதை எல்லோருக்கும் முன்னால் திரையில் காட்டினார்.

"இது எதுக்கும்மா? நாம என்ன டோக்கியோலயா இருக்கோம்? கிரீனிச் பஸ்ல போற தூரம். நம்ம டைம்தான் உலகத்துக்கே டைம்."

மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஆங்கிலத்திலும் அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கோடை வரும்போது பிழைக்கும் என்று சொன்னேன். "கோடை வரட்டும், பாத்துக்கலாம்," என்று என் கண் முன்னாலேயே அந்தத் துண்டை வெட்டி எறிந்தார். லண்டனில் குளிர்காலத்தில் வேலைசெய்யும் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய துணிவு அது. வேறு எந்த ஊரிலாவது முதல் நாளே பிழை தெரிந்திருக்கும்.

ஜனவரியில் செய்மதி மேலே போயிற்று. முதல் தடவை அது பேசியபோது கிடங்கில் எல்லோரும் கத்தினோம். பக்கத்து ஆட்கள் பியர் கொண்டுவந்து தந்தார்கள். அடுத்த மாதம் முதலீட்டாளர்களுக்கு ஒரு பெரிய கூட்டம், தேம்ஸ் கரையில் கண்ணாடி மண்டபத்தில். என்னை வாசலில் பெயர் அட்டை கொடுக்க நிற்கச் சொன்னார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மேடையில் அண்ணா. திரையில் என் நிரல். "நான் இதை ஒரு குளிர்காலத்தில் தனியே எழுதினேன்," என்கிறார். கைதட்டல். கடைசித் திரையில் கம்பனி ஆட்களின் பெயர்கள் ஓடின. தறப்பாள் கட்டியவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"டீம்னா அப்படித்தான்மா. நீ வேற நான் வேறயா? அண்ணா ஜெயிச்சா தங்கச்சி ஜெயிச்ச மாதிரி."

இரண்டு வாரத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. குழுவோடு ஒத்துப்போகவில்லையாம். பிறகு நான் போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் ஒரே கேள்வி: இரண்டு வருடம் அங்கே என்ன செய்தாய்? செய்ததைச் சொன்னால், அது அவர் செய்ததல்லவா என்றார்கள். இந்தத் தொழில் இங்கே இன்னும் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். என் பெயரை எடுத்தபோது அவர் எடுத்தது என் வேலை முழுவதையும். எனக்கு அது திரும்ப வேண்டும். கூடவே அவர் நன்றாக நாறவும் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, இரண்டும்தான் வேண்டும்.

மணி மாறிய அந்த ஞாயிறு பின்னேரம் கம்பனியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செய்மதியோடு பேசும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பச்சைப் புள்ளி விழும். அன்று காலையிலிருந்து புள்ளியே இல்லை. அவர்களுடைய அன்டெனா ஒரு மணித்தியாலம் முந்தியே எழும்பி, ஒன்றும் இல்லாத வானத்தை அழகாகத் தொடர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறது. செய்மதி வருகிற நேரத்தில் அது சுவரைப் பார்த்து நிற்கும்.

திங்கட்கிழமை காலை நானே செய்து வைத்திருந்த அன்டெனாவை எடுத்தேன். விளக்குமாற்றுத் தடியில் அலுமினியக் கம்பிகளைக் குறுக்கே பூட்டியது. பின்வளவில் கவுன்சில் தந்த குப்பைத் தொட்டியின் மூடிமேல் மடிக்கணினி. தூறலுக்கு அம்மா குடை பிடித்தார்.

"எங்கை பிள்ளை வருது?"

"பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்கு மேலாலை. சத்தம் போடாதேங்கோ."

தடியை அந்தப் பக்கம் நீட்டினேன். முதலில் இரைச்சல் மட்டும். பிறகு உள்ளேயிருந்து ஒரு கீச்சுக் குரல், வரும்போது சுருதி ஏறியும், எங்களைக் கடந்ததும் இறங்கியும். மின்கலம் நல்லம், சூடு நல்லம், எல்லாம் நல்லம் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. தடியை அதன் பின்னாலேயே திருப்பினேன்.

"உயிரோடைதான் இருக்கு," என்றேன்.

"அவனுக்குச் சொல்லாதை," என்றார் அம்மா.

மற்ற அம்மாமார் என்றால் போனால் போகட்டும் என்பார்கள். என்னுடைய அம்மா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைசெய்கிறார். தான் மடித்த துணிக்கு மேற்பார்வையாளர் பாராட்டு வாங்குவதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். "நாறட்டும். நல்லா நாறட்டும்," என்று குடையை உதறினார்.

ஆனால் நாற விடுவதற்கும் ஒரு எல்லை இருந்தது. கீழேயிருந்து ஒரு கட்டளையும் வராமல் ஒரு வாரம் போனால் செய்மதி தன் குரலை அணைத்துவிடும். பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு. என் ஆத்திரத்துக்கு அது பலியாவதை நான் விடமாட்டேன். அது அவருடையது அல்ல.

புதன்கிழமை மத்தியானம் அவரே அழைத்தார்.

"எப்படிம்மா இருக்க? அண்ணாவை மறந்துட்டியா?"

"இல்லை. ஒரு நாளும் மறக்க ஏலாது."

சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "நம்ம சாட்டிலைட் பேச மாட்டேங்குதும்மா. பேட்டரி போச்சுன்னு நினைக்கறோம். வெள்ளிக்கிழமை இன்வெஸ்டர்ஸ் வராங்க. உனக்கு ஏதாவது தோணுதா?"

"கேக்கிற பக்கம் பாத்தனீங்களா?"

"அதுல ஒண்ணும் இல்ல. அது ஜனவரியிலேர்ந்து பெர்ஃபெக்டா ஓடுது."

"அப்ப அதை எழுதினது ஆரெண்டு வெள்ளிக்கிழமை அவையளுக்குச் சொல்லுவீங்களா?"

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நான் இங்க தலையைப் பிச்சிக்கிட்டு இருக்கேன், நீ பேரைப் பத்திப் பேசற."

"சரி, நான் பாக்கிறன்," என்று வைத்துவிட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் அவர் ஆம் என்றிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உலகம் முழுக்க வீட்டுக் கூரையிலும் பின்வளவிலும் செய்மதிகளைக் கேட்கும் பொழுதுபோக்குக்காரர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒன்று மேலே போனால் முதல் வாரம் எல்லோரும் அதன் பின்னால் ஓடுவார்கள். கேட்டதை, இடம், நேரம், பெயரோடு ஒரு பொதுப் பக்கத்தில் போடுவார்கள். பிறகு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எங்கள் செய்மதியைக் கேட்க அப்போது ஆள் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இந்த நாட்டின் ஒவ்வொரு கிடங்குக் கம்பனியும் வாசிக்கும், முதலீட்டாளர்களின் ஆட்களும் வாசிப்பார்கள்.

வியாழன் காலை மறுபடி தடியோடு பின்வளவுக்குப் போனேன். பதிவுசெய்த கீச்சுக் குரலை முழுவதுமாகப் போட்டேன். செய்மதி நலமாக இருக்கிறது. கேட்ட இடம் வால்தம்ஸ்டோ. கேட்ட கருவி விளக்குமாற்றுத் தடி. கேட்டவர், என் முழுப் பெயர். அதன் கீழே ஒரே ஒரு வரி: "கம்பனியின் கேட்கும் நிலையம் ஞாயிற்றுக்கிழமை மணியை மாற்றிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. நான் எழுதியதை எழுதியபடியே விட்டிருந்தால் அப்படி மாறியிருக்காது."

முதல் பதிலை நார்வேயிலிருந்து ஒருவர் போட்டார். சிரிப்பு முகம் மட்டும். பிறகு ஸ்கொட்லாந்திலிருந்து, அதற்குப் பிறகு எண்ணவில்லை. கிரீனிச்சுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கிரீனிச் நேரம் தெரியாதவர்கள் என்று யாரோ எழுதியதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். மாலையில் பச்சைப் புள்ளி விழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதிதான், ஆனால் சிரிப்பு அதைவிடப் பெரிதாக வந்தது.

வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் பேட்டரி பற்றிக் கேட்கவில்லையாம். முதல் கேள்வியே, அந்தப் பெண் ஏன் இங்கே இல்லை என்பதாம். தறப்பாள் கட்டியவர் சொன்னார். கம்பனியின் தலைவி, ஒருபோதும் என் பெயரைச் சரியாக உச்சரிக்காதவர், இரண்டு தடவை அழைத்துத் திரும்பி வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அண்ணாவும் ஒரு தடவை அழைத்தார்.

"இப்படி எல்லார் முன்னாடியும் பண்ணிட்டியேம்மா. எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் மேடையிலை சொன்னனீங்கள். நானும் மேடையிலை சொன்னனான்."

"அண்ணான்னு கூடக் கூப்பிட மாட்டேங்கற."

"சொல்லுங்கோ சேர், வேறை என்ன?"

அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. கோடையில் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். அப்படிப்பட்டவர்கள் கீழே விழமாட்டார்கள், பக்கத்துக் கிளைக்குத் தாவுவார்கள். இப்போது அங்கே ஒரு புதிய செய்மதிக்கு அவர்தான் தலைவர். குளிருக்கு முன் மேலே போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். படத்தில் நடுவில் நிற்கிறார். பக்கத்தில் படிப்பு முடித்த கையோடு வந்த ஒரு பெண், எங்கள் ஆள் போலத்தான் தெரிகிறாள். அவள் என்ன எழுதிக்கொண்டிருக்கிறாள், அது யாருடைய பெயரில் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

எனக்கும் ஒரு கூரை கிடைத்திருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையின் தட்டைக் கூரை. குளிரூட்டிகளின் சூட்டுக் காற்று வரும் குழாய்களுக்கு நடுவே கம்பம் நட இடம் இருக்கிறது. கடைக்கார அண்ணைக்குச் செய்மதி பற்றிக் கவலை இல்லை, "மழைத் தண்ணி உள்ளுக்கை வராட்டில் சரி," என்றார். இந்த நாட்டின் கிடங்குகளில் செய்மதி செய்ய ஆள் பெருகிவிட்டது, கேட்கத்தான் ஆள் குறைவு. இரண்டு சின்னக் கம்பனிகள் தங்களுக்காகக் கேட்டுத் தரச் சொல்லியிருக்கின்றன. பழைய கம்பனியும் கேட்டது. கேட்டவர் பெயரை ஒவ்வொரு அறிவிப்பிலும் போடுவதென்றால் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை கம்பத்தை மேலே ஏற்றவேண்டும். அம்மா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறார், கயிறு பிடிக்க. அன்டெனா வடக்கே அடிவானம் வரை தடையில்லாமல் பார்க்கவேண்டும், கணினியின் மணி கிரீனிச்சைத் தவிர எதையும் கேட்கக்கூடாது. அவருடைய புதிய செய்மதி ராக்கெட்டை விட்டுப் பிரிந்ததும் பேசப்போகும் முதல் சொல்லை, அவர் மேடை ஏறுவதற்கு முன்னால், நான் கேட்டு, அதை உண்மையில் செய்தவளின் பெயரோடு போடவேண்டும். அதற்குள் அந்தப் பெண் பதில் எழுதவேண்டும். இன்றைக்கு இன்னொரு தடவை அவளுக்கு எழுதப்போகிறேன்.