மீரா சாகிபின் சிவப்பு நாரை

திருச்சுழிக் கடைவீதியில் முன்னால் கருவாட்டுக் கடையும் பின்கட்டில் வீடுமாக இருந்த மீரா சாகிபு எடையில் குறை வைக்க மாட்டார். பூச்சி விழுந்த நெத்திலியை நல்ல நெத்திலியோடு கலக்க மாட்டார். வாளையைக் கேட்டவருக்கு வேறொன்றை வாளை என்று சொல்லிக் கட்டிக் கொடுக்க மாட்டார். இருந்தும், அவர் வாயைத் திறந்தால் புளுகுதான் என்று ஊரே சொன்னது. காரணம் ராமேஸ்வரம் தீவு.

கருவாடு எடுக்க அவர் அடிக்கடி ரயிலேறித் தீவுக்குப் போவார். ஊர்க்காரர்களும் போகிறவர்கள்தான். கடலில் முழுகி, கோயிலைச் சுற்றி, சங்கு வாங்கி, அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். சாகிபுக்கோ மீன் காயும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். வலைக்காரர்களோடு சேர்ந்து, யாத்திரைக்காரர் யாரும் கால் வைக்காத மூலைகளுக்கெல்லாம் நடந்தார். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகியிருந்த காலம் அது. அந்தப் பக்கம் மணலும் காற்றும் சில குடிசைகளும்தான் மிச்சம். அங்கே பார்த்ததையெல்லாம் மூட்டை பிரிக்கும்போதே எதிர் டீக்கடை இருளப்பசாமியிடம் சொல்லிவிடுவார். கடலுக்குள்ளே கல் பூத்துக் கிடக்கிறது என்பார். ஒரு மணல்மலை வருஷா வருஷம் இடம் மாறுகிறது என்பார். அலைக்குப் பக்கத்திலேயே கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வருகிறது என்பார். தை மாதம் வந்தால் ஆள் உயரத்துக்கு நாரைகள் வந்து இறங்குகின்றன, இறக்கையை விரித்தால் உள்ளே ரோஜாப்பூ நிறம் என்பார்.

"ஆளு உசரத்துக்கா பாய்? சட்டை போட்டிருக்குமா, வேட்டி கட்டியிருக்குமா?" என்று இருளப்பசாமி டீயை ஆற்றிக்கொண்டே கேட்பான்.

"ஏலே, கண்ணால பாத்தேன்டா."

"கருவாட்டு வாடையில கண்ணு கலங்கியிருக்கும். நடக்கிற மலைய அடுத்த தடவை நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்க. ரயில் டிக்கெட்டு மிச்சம்."

கடையே சிரிக்கும். சாகிபும் சிரித்துவிடுவார். அவருக்கு அது உறைத்ததே இல்லை, மகள் ரைஹானாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு நரிக்குடியிலிருந்து ஒலி முகம்மது ராவுத்தர் வரும்வரை.

ராவுத்தர் ஆட்டு வியாபாரி. ஆட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. இருவர் கைக்கும் மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பிடித்த பிடிதான் பேச்சு. சாட்சியும் இல்லை, காகிதமும் இல்லை. அப்படியே வாழ்ந்த மனிதருக்கு வார்த்தை சுத்தமில்லாதவரைக் கண்டால் ஆகாது. பெண்ணைப் பார்த்தார், பிடித்துப்போனது. மாப்பிள்ளைக்கும் சம்மதம். வெளியே வந்து இருளப்பசாமி கடையில் டீ குடித்தபோதுதான் வினை வந்தது. விசாரிக்க வந்தவரிடம் இருளப்பசாமி விளையாட்டாக எல்லாவற்றையும் சொல்லி வைத்தான்.

ராவுத்தர் திரும்ப வந்து வாசலில் நின்றே சொன்னார்: "சாகிபு, பொண்ணுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா கடலோரத்துல நல்ல தண்ணி ஊறுதுன்னு சொல்றவரு, நாளைக்கு எதைத்தான் சொல்ல மாட்டாரு? வீட்ல யோசிச்சுச் சொல்றேன்."

யோசிச்சுச் சொல்றேன் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். உள்ளே இருந்த சாகிபின் மனைவி அப்ரோஸ் பேகத்துக்கு அது புரிந்துவிட்டது. ரைஹானாவுக்கும் புரிந்தது. அவள் மாப்பிள்ளையை ஒரு முறைதான் பார்த்திருந்தாள். அந்த ஒரு முறையே போதும் என்றிருந்தாள்.

"ஏங்க, உங்க நாரையும் மலையும் எம்மக வாழ்க்கையில வந்து உக்காந்துருச்சே!" என்றாள் அப்ரோஸ் பேகம்.

சாகிபுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வரவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடி ராவுத்தரை நிறுத்தினார். "ராவுத்தரே, இது தை மாசம். நாரை வந்திருக்கும். என்கூட ஒரு தடவை வாங்க. நான் சொன்னது பொய்யின்னா, நானே இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

ராவுத்தர் தாடியைத் தடவினார். ஒரு ஆட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. சரி என்றார். தன்னால் வந்த வினை என்று உள்ளூர உறுத்திய இருளப்பசாமியும் கிளம்பினான். அவன் பெண்டாட்டி முத்துமாரியம்மாள், போகிற போக்கில் கடலில் முழுகிவிடலாம் என்று சேர்ந்துகொண்டாள். புளிச்சோறு கட்டினாள். கூடவே ஒரு செப்புக்குடம் நிறையத் தண்ணீர் எடுத்தாள்.

"ரயில்ல தண்ணிக்குடமா?" என்றான் இருளப்பசாமி.

"சுத்திலும் உப்புக்கடல். நாக்கு வறண்டா யாரு குடுப்பா? நீ சும்மா வா."

மானாமதுரையில் வண்டி மாறி, பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது கீழே தெரிந்த பச்சைத் தண்ணீரைப் பார்த்து ராவுத்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. ராமேஸ்வரத்தில் முத்துமாரியம்மாள் முழுகி எழுந்ததும், கிழக்கே போன ஒரு மீன் லாரியில் ஏறினார்கள். பாதை மணலுக்குள் மறைந்த இடத்தில் இறங்கி நடந்தார்கள். இந்தப் பக்கம் கடல் பால்போல அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருந்தது. அசையாததைப் பெண் கடல் என்றும் இரைவதை ஆண் கடல் என்றும் வலைக்காரர்கள் சொல்வார்கள் என்றார் சாகிபு.

"எங்க வீட்ல மாறிக் கெடக்கு" என்றான் இருளப்பசாமி. முத்துமாரியம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதற்குமேல் பேசவில்லை.

நாரைகள் இறங்கும் உப்பங்கழிக்குச் சாகிபு முதலில் கூட்டிப்போனார். பெரிய பரப்பு. இடுப்பளவு உயரத்தில் புதர். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. நாரை ஒன்றும் இல்லை. சின்னச்சின்ன உள்ளான் குருவிகள் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

"இதுதான் ஆளு உசரமா?" என்றார் ராவுத்தர், உள்ளானைக் காட்டி.

"இங்கதான் இருக்கும். போன தையில நூத்துக்கணக்கா நின்னுச்சு."

"லீவு போட்டிருக்கும்" என்றான் இருளப்பசாமி.

மணல்மலைக்குப் போனார்கள். ஒற்றைப் பனைக்கு வடக்கே இருக்கும் என்று சாகிபு சொல்லியிருந்தார். இருந்தது பனைக்குத் தெற்கே. "பாத்தீகளா, நகந்திருச்சு!" என்று அவர் குதித்தார். ராவுத்தரோ, வடக்கும் தெற்கும் தெரியாதவரோடு வந்துவிட்டோம் என்பதுபோல மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னே எங்கே இருந்தது என்று பார்க்காதவருக்கு, அது நகர்ந்ததை எப்படிக் காட்டுவது? சாகிபுக்கு வியர்த்தது. நாரைகள் கொஞ்சம் தள்ளி, வளைவுக்கு அப்பால் இருக்கும் என்று தோன்றியது. "நீங்க உக்காந்து சாப்பிடுங்க. நான் பாத்துட்டு வந்து கூப்பிடுறேன்" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்தில் சொல்ல வேண்டியதை மறந்தார்.

மற்றவர்கள் உட்கார இடம் தேடினார்கள். மேட்டில் மணல் சுட்டது. பெண் கடல் பக்கம் தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. அது விட்டுப்போன தரை கெட்டியாக, குளிர்ச்சியாக, துப்புரவாக இருந்தது. ஊரில் பங்குனியில் கண்மாய் வற்றினால் இப்படித்தான் இருக்கும். நடுக் கண்மாயில் ஆடு மேய்ப்பார்கள், பந்து விளையாடுவார்கள், பாய் விரித்துப் படுப்பார்கள். போன தண்ணீர் ஐப்பசி மழைக்குத்தான் திரும்பும். அந்த நினைப்பில் மூவரும் கடலின் தரையில் துண்டை விரித்தார்கள். செருப்பு, சோற்று மூட்டை, குடம், ராவுத்தரின் பை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். கைகழுவ இருளப்பசாமி தண்ணீரைத் தேடிப் போனபோது அது அவனைத் தேடி வந்துகொண்டிருந்தது.

"ஏய், இங்கன ஈரமா இருக்கு" என்றாள் முத்துமாரியம்மாள்.

"கொடம் கசியுதோ என்னமோ" என்றார் ராவுத்தர்.

வளைவுக்கு அப்பாலும் நாரை இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய சாகிபு தூரத்திலிருந்தே இதைப் பார்த்தார். "எந்திரிங்க! தண்ணி ஏறுது! மேல வாங்க!"

"வத்துன தண்ணி எப்பிடிங்க ஏறும்? மழையா பேஞ்சது?" என்று ராவுத்தர் உட்கார்ந்தபடியே கேட்டார். இதுவும் ஒரு புளுகு என்றே நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் துண்டின் ஓரம் மிதந்தது. சோற்று மூட்டை மெல்லத் திரும்பி, ஊருக்குக் கிளம்பிய விருந்தாளிபோல நகர்ந்தது. குடம் சாய்ந்து, திருச்சுழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டது. ராவுத்தர் ஒரு செருப்பைப் பிடித்தார், மறு செருப்பு போய்விட்டது. சாகிபு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கிப் பையை மீட்டார். சோற்றை மீட்க முடியவில்லை.

மேட்டுக்கு ஏறி நின்றபோது வெயில் உச்சியில் இருந்தது. சோறு இல்லை. குடத்தில் கடல். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராவுத்தரின் உதடு வெளுத்திருந்தது.

"நாக்கு ஒட்டுது சாகிபு" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

சாகிபு அவர் கையைப் பிடித்து மணல்மேட்டின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். அலை விழும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்டது. மண்டியிட்டுத் தோண்டினார். மணல் சரிந்தது. இன்னும் தோண்டினார். முத்துமாரியம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். கோடை முழுதும் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிய கை அவளுடையது.

"தள்ளுங்க பாய். இப்பிடிக் குழியாத் தோண்டினா மூடிக்கிரும். சட்டி மாதிரி அகலமா எடுக்கணும்" என்று பக்கத்தில் கிடந்த கொட்டாங்கச்சியை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. பிறகு மினுமினுத்தது. பிறகு, கண்ணில் நீர் கட்டுவதுபோல, அடியில் தண்ணீர் ஊறி நின்றது.

முதல் கொட்டாங்கச்சியை ராவுத்தரிடம் நீட்டினார் சாகிபு. ராவுத்தர் துப்புவதற்குத் தயாராகத்தான் வாயில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கினார். கொட்டாங்கச்சியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி விழும் அலையைப் பார்த்தார். மறுபடி மொண்டு குடித்தார். இருளப்பசாமி குழிக்குள் தலையை விட்டே குடித்தான்.

நடந்து திரும்பும்போது சாகிபு சொன்னார்: "கல்லு பூக்கிறதைக் காட்ட நேரம் இல்ல. நாரையைக் காட்ட முடியல. நான் பாத்தது உண்மை. ஆனா உங்களுக்குக் காட்ட முடியல. அதையும் சொல்லிர்றேன்."

ராவுத்தர் ஒற்றைச் செருப்போடு நரிக்குடியில் இறங்கிப் போய்விட்டார்.

ஒரு வாரம் பேச்சே இல்லை. அப்ரோஸ் பேகம் வாசலைப் பார்ப்பதும், ரைஹானா வாசலைப் பார்க்காததுபோல இருப்பதுமாக நாள் போனது. சந்தை நாளன்று ராவுத்தர் வந்தார். பின்னாலேயே நரிக்குடி ஆட்டு வியாபாரிகள் ஏழெட்டுப் பேர். அவர் முகம் சிவந்திருந்தது.

"சாகிபு, இவங்ககிட்ட நீரே சொல்லும்! ஒரு வாரமா என்னைய புளுகன்னு சொல்றானுக. கடலோரத்துல தோண்டுனோமா இல்லையா? தண்ணி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"கேட்டுக்கங்கடா! எளநி மாதிரி இருந்துச்சு. அப்புறம் நாரை! ஆளு உசரம்! றெக்கையை விரிச்சா செக்கச்செவேல்னு, வானமே செவந்துபோச்சு. நான் கண்ணால பாத்தேன்!"

எதிர் டீக்கடையில் இருளப்பசாமி டீ ஆற்றுவதை நிறுத்தினான். சாகிபு தலையை ஆட்டினால் போதும். கெட்ட பெயரும் போகும், சம்பந்தமும் முடியும். மறுத்தால், மாப்பிள்ளையின் அத்தாவைச் சந்தையில் வைத்துப் பொய்யர் ஆக்கியதாகும். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றிருந்தது.

"ராவுத்தரே," என்றார் சாகிபு மெதுவாக, "தண்ணி எளநி மாதிரி இல்ல. லேசா கரிச்சது. நாரையை அன்னைக்கு நாம பாக்கல. நான் போன வருசம் பாத்தேன். நீங்க இன்னும் பாக்கல."

ராவுத்தரின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சாகிபின் வலது கையை இழுத்து, அதன் மேலே துண்டைப் போட்டு மூடினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தேடவில்லை. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தார், விடவில்லை.

"எனக்காகக்கூட ஒரு பொய்யி சொல்ல மாட்டேங்கிறான்யா இந்த மனுசன்" என்று நரிக்குடிக்காரர்களிடம் சொன்னார். "பேச்சு முடிஞ்சது. நிக்காஹ் முடிஞ்சதும் மாப்பிளையும் பொண்ணும் தீவுக்குப் போயி அந்த நாரை இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரட்டும்."

"அப்பிடியே என் புளிச்சோத்து மூட்டையும் கரை ஒதுங்கியிருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று டீக்கடைக்குள்ளிருந்து முத்துமாரியம்மாளின் குரல் வந்தது.