தறி நின்ற முற்பகல்

கனகலட்சுமி பிள்ளைப்பேற்றுக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தபோது தெருவில் எல்லோரும் அவளைக் கேட்டது ஒன்றுதான். பிளேனில் அவள் பைலட்டா, ஏர் ஹோஸ்டஸா? அவள் இரண்டும் இல்லை. வடமாவட்டம் ஒன்றிலுள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானங்களுக்கு வயர் பார்க்கிறவள். ரேடியோ ஊமையானாலோ, மீட்டர் முள் பொய் சொன்னாலோ அவளைத்தான் கூப்பிடுவார்கள். "கரண்டு வேலை" என்று தங்கத்தாய் மகளுக்காகப் பதில் சொல்லிவிடுவாள். கேட்டவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள்.

அப்பா நல்லகண்ணு, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் குளம் பெருகாமல் போன வருஷங்களில் வயலை விட்டு டவுனுக்கு வந்தவர். பிறர் கூடத்தில் தறி ஓட்டி, பிறகு சொந்தமாக நாலு விசைத்தறி போட்டார். வீட்டின் முன்பாதியில் தறி, பின்பாதியில் குடித்தனம். கரண்டு போனால் ஒழிய அவர் தறியை நிறுத்த மாட்டார். நடுவில் நின்று கிளம்பினால் சேலையில் கோடு விழும் என்பார். கனகத்தின் கல்யாணத்தன்றுகூட ஆள் வைத்து ஓட்டினார்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஷாஜித் போன் செய்தார். கடையநல்லூர்க்காரர், கனகத்தோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்.

"ஹெட்செட்டுல ஒரு இரைச்சல் கனகம். டவர்ல பேசுதது தெளிவா விழ மாட்டேங்குது. விமானத்தை நிறுத்தி வச்சாச்சு."

"எப்படி இரையுது?"

ஷாஜித் போனை ஹெட்செட்டோடு சேர்த்துப் பிடித்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டு ஏதோ கேட்டதுபோல் இருந்தது. இறக்கை நுனியில் மினுக்கும் விளக்காக இருக்கும் என்று அவள் சொன்னாள். அவரும் அந்த விளக்குக்குப் போகும் வயரையெல்லாம் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டினார். இரைச்சல் போகவில்லை. அவள் விட்டுவிட்டுக் கேட்டதாக நினைத்தது, நாலு தறிகளிலும் ஊடைநூலைச் சுமந்து அங்குமிங்கும் ஓடும் நாடா அடிக்கும் சத்தம்.

அது புரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வதே தப்போ என்றும் தோன்றியது. கணவன் கோகுல் பக்கத்து ஊர்த் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவன். "பிள்ளை கொஞ்சம் வளரட்டுமே, அதுவரைக்கும் வேலைய விட்டா என்ன?" என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டிருந்தான்.

மறுநாள் முற்பகலில் ஷாஜித் மறுபடியும் கூப்பிட்டார். பள்ளியின் பைலட் தாஹா சார் எஞ்சினை ஓட்டிக்கொண்டு இடது சீட்டில் இருந்தார். ஷாஜித் வலது சீட்டில். கனகம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தறி அங்கேயும் வந்தது. வெளியே வந்து தறிக்கூடத்து வாசலில் நின்றாள். நல்லகண்ணு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

"யப்பா, செத்த நேரம் தறிய நிறுத்த முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தார். ஒவ்வொரு தறியாகப் போய் அணைத்தார். கடைசித் தறியும் நின்றதும் தெரு மொத்தமும் ஒரு மாதிரி விரிந்துகொண்டது. அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிய பிள்ளை, சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டு வீறிட்டது. தங்கத்தாய் அதை அள்ளிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள்.

கனகம் போனைக் காதோடு அழுத்தினாள். இப்போது கேட்டது. விட்டுவிட்டு அல்ல, மெல்லிய ஊளை, ஒரே இழையாக.

"எஞ்சின் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்க."

ஊளை மேலே ஏறியது.

"குறைக்கச் சொல்லுங்க."

இறங்கியது.

"இப்ப ஆல்டர்னேட்டர் சுவிட்ச மட்டும் அணைங்க."

அற்றுப்போனது. ஆனால் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. மின்சாரம் உண்டாக்குகிற எதுவும் கொஞ்சம் முனகத்தான் செய்யும். அந்த முனகல் எந்த வழியாக ஹெட்செட்டுக்குள் நுழைகிறது என்பதுதான் கேள்வி.

"கடைசியா இந்த விமானத்துல என்ன வேலை பாத்தீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லையே. முன்பலகைக்குப் பெயிண்ட் அடிச்சோம். ஹெட்செட் ஜாக்கெல்லாம் கழத்தி மாட்டினோம்."

"யாரு மாட்டினா?"

"நாந்தான்," என்றார் ஷாஜித். "ஏன்?"

ஹெட்செட்டைச் செருகும் அந்த ஜாக், உலோகப் பலகையைத் தொடக் கூடாது. நடுவே ஒரு ஃபைபர் வாஷர் இருக்கும். மின்சாரம் திரும்பிப் போக ஒரே வழிதான் இருக்க வேண்டும். பலகை வழியாக இரண்டாவது வழி கிடைத்துவிட்டால் ஊரிலுள்ள இரைச்சலெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும்.

"எஞ்சினை நிறுத்திட்டு ரெண்டு பக்கத்து ஜாக்கையும் பலகையிலிருந்து கழத்துங்க. வயர் அப்படியே இருக்கட்டும். ஒண்ணோடொண்ணு படாம டேப்பு சுத்தி, தனியா தொங்க விட்டு ஓட்டிப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நேரம் ஆயிற்று. எதிர்வீட்டிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ஒமக்கு மட்டும் கரண்டு இல்லையா?" என்று கேட்டார்.

"கரண்டு இருக்கு. எம்மவளுக்கு ஒரு ஜோலி," என்றார் நல்லகண்ணு. சொல்லிவிட்டுத் தறிப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்.

போனில் எஞ்சின் கிளம்பியது. ஊளை இல்லை. வேகம் ஏறியது, அப்போதும் இல்லை. டவரில் யாரோ காற்றின் திசையைச் சொல்வது, பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாக விழுந்தது.

"வலதுபக்க வாஷர் வெடிச்சிருக்கு கனகம்," என்றார் ஷாஜித். "நான் ரொம்ப முறுக்கிட்டேன் போல. நட்டு மூடுனதுல கண்ணுக்குத் தெரியல."

"நான் மட்டும் என்ன? ஒங்களை இறக்கை முச்சூடும் பிரிக்க வச்சேன்."

அவர் சிரித்தார். புது வாஷர் போட்டு, இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட்டபின் சாயங்காலம் விமானம் பறந்தது. உடைந்த வாஷரை உள்ளங்கையில் வைத்து அவர் அனுப்பிய படத்தை நல்லகண்ணு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்பா."

"இத விட்டுட்டு வந்து எங்கூட இழை முடியவா போற," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கோகுல் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோகுல் வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கனகம் சொன்னாள்: "லீவு முடிஞ்சதும் நான் போய்ச் சேருதேன்."

அவன் கோபப்படவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "இவள யாரு பாத்துக்கிடுவா?"

"நான் அவகூடப் போறேன்," என்றாள் அடுப்படியிலிருந்து தங்கத்தாய்.

"மாமாவுக்குச் சோறு?"

"ஏன், அவருக்குப் பொங்கத் தெரியாதா?"

கோகுல், தான் மாதம் ஒரு தடவை அங்கே வருவதாகவும், அந்தப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிப் பார்ப்பதாகவும் சொன்னான். மாறுதல் இன்னும் கிடைக்கவில்லை. வருவது மட்டும் தவறவில்லை.

கனகம் திரும்பிப் போன முதல் நாள், வேறொரு விமானத்தில் டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்க, முள் காலி என்று காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையை வாடகை வீட்டில் தங்கத்தாயிடம் விட்டு வந்திருந்தாள். மனசு பாதி அங்கேதான் இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முன்பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, முதல் வயரைக் கையில் பிடித்தாள்.