கல்கண்டு கரையும் வரை

எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலில் நாடகத்தில் பேசியவர் அப்பாதான். இத்தனைக்கும் அவர் நடிக்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனார். நாடகத்தை எழுதியது என் அத்தை, அப்பாவின் தங்கை. எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். யாரைக் கண்டாலும் கேள்வி கேட்டுப் பிராணனை வாங்குகிற வயது.

அத்தை எங்களோடுதான் பம்பாய் தாராவியில் இருந்தாள். கீழே அப்பாவின் தோல்பைப் பட்டறை, மேலே வீடு. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலைக்குப் போய்வந்தாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எழுதுவாள், கிடைக்காவிட்டால் நின்றபடி யோசிப்பாள். அப்படி ஒரு முழு நாடகத்தையே எழுதி முடித்திருக்கிறாள் என்பது, மாட்டுங்காவில் அதை வாசிக்கப் போகிறார்கள் என்று அவள் சொன்ன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாட்டுங்காவில் இருந்தது ஒரு விசித்திரமான நாடகக் குழு. புது ஆட்கள் எழுதிய புது நாடகங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதலில் வாசித்துக் காட்டுவார்கள், வந்தவர்கள் குறை நிறை சொல்வார்கள், அதைக் கேட்டு எழுதியவர் திருத்துவார். அந்த வருஷம் வாசித்தவற்றில் ஒன்றுதான் மேடை ஏறும். டிக்கெட் கிடையாது, லாபம் கிடையாது. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"காசு வாங்காம எவனாவது நாடகம் போடுவானா? நல்லா விசாரிச்சியா?"

"இப்ப வாசிக்கத்தான் செய்வாங்க அண்ணே. பிடிச்சிருந்தாத்தான் மேடை."

அந்த 'பிடிச்சிருந்தா'வைச் சொல்லும்போது அத்தையின் குரல் உள்ளே போய்விட்டது. இது கிடைத்தே ஆகவேண்டும் என்று அவள் தவித்தது எனக்கே தெரிந்தது. ஏற்கெனவே ஒன்று அவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போய்வந்தாளாம். எடுத்தால் போன் பண்ணுகிறோம் என்றார்களாம். எங்களுக்கு இருந்த ஒரே போன் பட்டறையில் அப்பாவின் மேஜைமேல் இருந்தது. அதில் பெங்களூர் போன் வரவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது வராமல் போனாலும், அது கேஸ் சிலிண்டராகவே இருந்தாலும், "பெங்களூர் போன் மாதிரிதான்" என்பாள் அம்மா. அத்தையும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கல்யாணத்துக்குப் போவதுபோலக் கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவை, நான் பாவாடை சட்டை, அப்பா வெள்ளைச் சட்டை. கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடையைப் பார்த்ததும் அப்பா நின்று, ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய பெரிய மாலையாக வாங்கினார். என் தங்கச்சியை மேடைக்குக் கூப்பிடும்போது வெறுங்கையோடு போக முடியுமா என்பது அவர் கட்சி.

போய்ப் பார்த்தால் மேடையே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து மாடி அறை, அரைவட்டமாகப் போட்ட நாற்காலிகள், திரையும் இல்லை வேஷமும் இல்லை. நடிக்கிற பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கையில் காகிதம் வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதியிருந்தார்கள். பேசத் தெரியும், படிக்கத் தெரியாதாம். அப்பா மாலைப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

குழுவை நடத்தியவர் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமி. அத்தையை ஓரத்தில் உட்கார வைத்து, ஒரு டப்பாவைத் திறந்து, பெரிய கல்கண்டாகப் பொறுக்கி அவள் வாயில் போட்டார்.

"நாடகம் முடிஞ்சப்புறம் எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்கோ. ஆனா எழுதினவா வாயைத் திறக்கப்படாது. கல்கண்டு தானாக் கரையணும், அப்புறம்தான் பேசலாம். கடிக்கப்படாது, அது அழுகுணி ஆட்டம்."

எனக்கு நாடகமே மறந்துபோயிற்று. அத்தையின் கன்னத்தில் அந்தக் கல்கண்டு இடதிலிருந்து வலதுக்கு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கும் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நாடகத்தில் ஓர் அண்ணனும் தங்கையும். தங்கை ஒரு போனுக்காகக் காத்திருக்கிறாள். அண்ணன் அவளுக்குப் புடவை வாங்கித் தருகிறான், காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் இருக்கிறான். ஒருநாள் போன் வருகிறது. அவன் எடுத்து, "அவளுக்கு வர இஷ்டமில்லை" என்று சொல்லி வைத்துவிடுகிறான். தங்கையிடம் சொல்வதே இல்லை. அவ்வளவுதான் கதை. அட, இது நம் வீட்டுப் போன் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் நம் வீட்டில் போன் வரவில்லை, இதில் வருகிறது, ஆகவே வேறு கதை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் எழுந்தான்.

"எல்லாம் மஸ்த் இருக்கு. ஆனா அந்த அண்ணன்தான் செட் ஆகல. இவ்ளோ பாசமா இருக்கறவன் இப்படிப் பண்ணுவானா? நம்ப முடியல. ஃபுல் வில்லனா ஆக்குங்க, இல்லேன்னா அந்த போன் சீனையே எடுத்துடுங்க."

இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். மாமியும் உதட்டைப் பிதுக்கி, "அங்கதான் எனக்கும் உதைக்கறது" என்றார். நாடகம் கைவிட்டுப் போகிறது என்று எனக்கே புரிந்தது. அத்தை கல்கண்டோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, பதில் சொல்லேன் என்று அவளையே பார்த்தேன். பாழாய்ப்போன கல்கண்டு கரையவும் மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் அப்பா எழுந்தார்.

"ஏன் தம்பி செய்ய மாட்டான்? பாசம் இருக்கவன்தான் செய்வான். பாசம் இல்லாதவன்னா எங்கயோ போயிட்டுப் போறான்னு விட்டுருப்பான். தெரியாத ஊரு, ஒத்தப் பொம்பளப் பிள்ள, அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா?"

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

"அப்புறம், போன் ஒரு தடவ இல்ல. ரெண்டு தடவ வந்துச்சு. மொதல்ல பேசும்போது அவனுக்கு ஒண்ணுமில்ல, டக்குனு சொல்லிட்டான். ரெண்டாவது தடவதான் கை நடுங்குச்சு. அத எழுதாம விட்டுட்டா."

கடக் என்று ஒரு சத்தம். அத்தை கல்கண்டைக் கடித்துவிட்டாள்.

பிறகு மாமி மெதுவாக, "அந்த ரெண்டாவது போன்... அது வந்தா அண்ணன் நிஜமாயிடுவான். நாடகமும் நிமிர்ந்துடும்" என்றார். கண்ணாடிப் பையனும் தலையாட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கப்பா ஒருவராகவே எழுந்து அத்தனை பேரையும் மடக்கிவிட்டார். அத்தையிடம் ஓடிப்போய், "கடிச்சிட்டீங்க, அழுகுணி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் நான் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இதைத்தான் இந்த வருஷம் மேடை ஏற்றப் போகிறோம் என்று மாமி அங்கேயே சொல்லிவிட்டார். இப்போது பேசலாமே, ஏதாவது சொல்லுங்கோ என்றார். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். ஜெயித்தவள் ஏன் சந்தோஷமாக இல்லை என்று எனக்கு ஒரே குழப்பம்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். எப்போதும் எங்களை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடக்கிற அப்பா, மாலைப் பையோடு கடைசியாக வந்தார். பழக்கடை அருகில் அத்தை நின்று திரும்பினாள்.

"ரெண்டாவது தடவ அந்தாளு என்ன சொன்னாரு?"

நாடகத்தில் சேர்ப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அப்பா வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயிலும் யாராவது கல்கண்டைப் போட்டுவிட்டார்களோ என்று பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்னாரு. இந்தப் பிள்ளைய விட மனசில்லன்னாரு."

பஸ் ஒன்று போயிற்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த இரண்டு வரியையும் யாரோ மறுபடி வாசித்துக் காட்டுவதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்குத்தான வாங்குனீய? போடுங்க."

நடுத்தெருவில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவள் தலையைக் குனிந்தாள். அப்பா மாலையை வெளியே எடுத்தார். அதை உயர்த்தும்போது அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் சம்பங்கி உதிர்ந்து அவர் செருப்பின்மேல் விழுந்தது. நான் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "அம்மா, அந்த மாலை அவ்வளவு கனமா?" என்று கேட்டேன்.