டாக்டர் வரைந்த கண்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கருவிகளைக் கழுவி வைக்கும் ஸ்டீல் தட்டில் பதினோரு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். கையில் ஈட்டி, தோளில் துப்பாக்கி, தலையில் பாகை, இடுப்பில் கச்சை, எல்லாம் இருந்தன; நிறம் மட்டும் இல்லை. தலை முதல் கால் வரை ஈறின் இளஞ்சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் மலைக்கோட்டை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அந்தத் தட்டைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். எதையும் இரண்டு முறை யோசிக்கிற பெண் நான். அன்று நான்கு முறை யோசித்தேன். "செட்டுப் பல்லுக்கு ஈறு செய்யிற பொடிதாம்மா, அதுல வார்த்தது. பெயின்ட் விழுந்தா வீரனாயிருவாங்க" என்று பின்னாலிருந்து டாக்டர் சொன்னார். பற்பசைக் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரஷ் ஒன்றை என் கையில் கொடுத்து, அவர்களைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். ஒரு பல் மருத்துவமனையில் நான் பார்த்த முதல் வேலை, பாளையக்காரர் காலத்து வீரர்களைக் குளிப்பாட்டியது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். டாக்டருக்கு அறுபதை நெருங்கும் வயது. மாடியில் வீடு, கீழே மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நோயாளிகள் போனதும், அவர்கள் உட்காரும் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பெரிய பலகையைப் போடுவார். அதில் தெர்மகோலில் செதுக்கிய பாறைச் சரிவு, தேங்காய் நாரில் புளியமரங்கள், பல் அச்சுக்கு ஊற்றும் மாவில் செய்த இடிந்த மதில். பாளையக்காரரின் ஆட்கள் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் மறு பக்கம். பக்கத்துக்குப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர்தான். பெரிய போர் கிடையாது. தபால் கொண்டுபோகிறவனை மறிப்பது, ஒரு கிணற்றைக் காப்பது, ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்பது என்று ஒரு பகல்பொழுதுக் கைகலப்பு. ஒரு பொம்மை என்றால் ஒரு மனிதன். பகடை உருட்டுவார்கள், டேப் வைத்துத் தூரம் அளந்து நகர்த்துவார்கள்.

எதிர்ப்பக்கம் ஆடுகிறவர் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த அவருடைய பள்ளித் தோழர். எங்களுக்குப் புரொபசர். அவருடைய கம்பெனிச் சிப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கினார்கள். நம் ஊர் ஆட்களை யாரும் செய்து விற்கவில்லை. அதனால் டாக்டரே மெழுகில் செதுக்கி, பல்லுக்கு அச்செடுக்கிற பசையில் அச்செடுத்து வார்த்தார். ஆளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்: கடைவாய், சிங்கப்பல், தெத்துப்பல், சொத்தை. சொத்தைதான் எப்போதும் முதலில் சாவான். "சொத்தையைப் புடுங்கியாச்சு" என்று புரொபசர் பொம்மையைச் சாய்த்து வைப்பார். "ஏலே, மரத்துப்போற ஊசி போடாமப் புடுங்குறியே, நீயெல்லாம் மனுசனா" என்பார் டாக்டர். தேநீர்த் தட்டோடு நிற்கும் எனக்கு யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாது.

அந்த மதியங்களை இப்போது நினைத்தால் ஏதோ தண்ணீருக்கு அடியில் நடந்தவை போல இருக்கின்றன. ஒன்றரை மணிக்குக் காலை நோயாளிகள் முடிந்துவிடுவார்கள். சாப்பிட்டு வந்து டாக்டர் பின்னறையில் உட்காருவார். ஊசி மருந்து தீர்ந்த சின்னக் கண்ணாடிக் குப்பியின் தலையில் ஒரு வீரனை ஒட்டிக்கொண்டு, குப்பியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வண்ணம் வைப்பார். முதலில் கறுப்பு. கறுப்பின் மேல் தோலுக்கு ஒரு மண் நிறம், வேட்டிக்கு ஒரு பழுப்பு வெள்ளை. பிறகு நீர்க்கக் கரைத்த காவியை ஒரு சொட்டு விட்டால், அது தானாக மடிப்புகளுக்குள் ஓடி நிழலாகத் தேங்கும். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்து ஜன்னல் துணியைத் தூக்கிப் போடும். தெருவில் பழனிக்குப் போகும் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போகும். பிறகு சத்தமே இருக்காது. நான்கு மணிக்கு அவர் செத்த நேரம் படுக்க மாடிக்குப் போவார். நான் சாயங்கால நோயாளிகளுக்காகக் கருவிகளை எடுத்து வைக்க வருவேன். காயப்போட்ட ஆட்கள் வெயில் விழும் இடத்தில், கோட்டையைப் பார்த்தபடி நிற்பார்கள்.

கடைசியில் வைப்பது கண். ஒரு வெள்ளைக் கீற்று, அதன் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. கடுகை நான்காக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. டாக்டருக்கு இதில் ஒரு விதி உண்டு: ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யக் கூடாது. "ஈரத்துல எல்லாமே கோணலாத்தான் தெரியும். காயட்டும், அப்புறம் பாப்போம்" என்று பிரஷைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறுவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சிங்கப்பல்லின் இடது கண் மூக்கோடு போய் ஒட்டியிருந்தது. வீரமாக ஈட்டி ஓங்கியவன் தன் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேசையில் சிந்திய டீயைத் துடைப்பது போல, யோசிக்காமல் நான் அதைச் சரிசெய்தேன். கல்லூரியில் விலங்கியல் படித்தபோது பாதி வகுப்புக்கு ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுத்தவள் நான். கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளை மயிரிழையில் வரைந்த கைக்கு ஒரு கண் பெரிய காரியமில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். "பரவால்ல" என்று மட்டும் சொன்னார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அந்த வெளிச்சத்துக்காகவே மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். ஆவணி, புரட்டாசி போயின. மீசை, நெற்றிப் பட்டை, துப்பாக்கிப் பட்டையின் ஓரக் கோடு என்று நான் தொடவேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போயின. ஏன் கூடுகின்றன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. புரொபசரிடம் ஒரு வீரனை நீட்டி டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "கையி லேசா நடுங்குதோன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்டா. அதான் தினம் ஒரு கண்ணு எழுதிப் பாக்குறேன். நடுங்குச்சுன்னா அன்னைக்கே மிஷினைக் கீழ வச்சுரணும்னு இருந்தேன். இந்தா பாரு, நேத்து எழுதுனது. நடுங்குற கையி எழுதுன கண்ணா இது?" புரொபசர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூஞ்சிதான் ஒன்னைய மாதிரியே இருக்கு" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் தேநீர்த் தட்டை மேசையில் வைக்க முடியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அது நேற்று நான் எழுதிய கண். பொம்மைகள் அவருக்கு விளையாட்டு மட்டும் அல்ல, பரீட்சை. அந்தப் பரீட்சையில் மூன்று மாதமாக அவருக்குப் பதில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதை நம்பி அவர் தினமும் பத்துப் பேர் வாயில் ஊசியும் துளைக்கும் மிஷினும் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவர் மனசு என்ன ஆகும் என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்றும் நினைத்தேன். எது முன்னால் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நோயாளியிடம் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மோதிர விரலை நோயாளியின் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டுதானே வேலை செய்கிறார், விழாது. இப்படி மூன்று வாரம் ஓட்டினேன்.

கார்த்திகையில் செம்பட்டியிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி வந்தார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. எச்சில் உறிஞ்சும் குழாயை நான் பிடித்திருந்தேன். டாக்டரின் ஊன்றிய விரல் ஒரு கணம் வழுக்கியது. மிஷின் முனை கன்னத்தின் உள்பக்கம் பட்டு ரத்தம் வந்தது. பெரிய காயம் இல்லை, இரண்டு தையல். "தலைய ஆட்டிட்டீங்கண்ணே" என்றார் டாக்டர். வேண்டுமென்று சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். வாயில் பஞ்சோடு அந்த மனிதர், "எந்தப்புதான் சார், மெரண்டுட்டேன்" என்று கும்பிட்டார். அவர் தலை அசையவே இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மதியம் நான்கரைக்குப் பின்னறைக்குப் போனேன். தெத்துப்பல் நின்றுகொண்டிருந்தான். ஒரு கண் புருவத்துக்கு ஏறியிருந்தது, ஒரு கண் கன்னத்தில் வழிந்திருந்தது. பிரஷை எடுத்தேன். கழுவாமலே திரும்ப வைத்தேன். வெளியே வந்து சீட்டு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போனார். நோயாளி நாற்காலிக்கு மேலே உள்ள விளக்கு எரிந்தது. தெத்துப்பல்லை எடுத்துவந்து அதன் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா" என்றார்.

"சார்."

"இது காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு சார்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"நான்தான் சார்."

"எம்புட்டு நாளா?"

"ஆடியிலருந்து சார்."

டாக்டர் விரல்விட்டு மாதங்களை எண்ணுவது தெரிந்தது. பிறகு நோயாளி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறையாக இருக்கும். அந்த விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வெளிய எத்தன பேரு?" என்றார். ஐந்து பேர் என்றேன். "ஊசி போடுற கேசு ரெண்டு இருக்குமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்டரம்மா இருக்காங்கள்ல, சீட்டு எழுதித் தாரேன், அங்க அனுப்பிரு. நாளைலருந்து அவங்களையே இங்க வரச் சொல்லிப் பேசுவோம்." சீட்டை எழுதி நீட்டினார். எழுத்து நடுங்கியிருந்தது. அதற்கு முன்னும் அப்படித்தான் இருந்திருக்குமோ, டாக்டர் கையெழுத்துதானே என்று நான் பார்க்காமல் விட்டேனோ.

அதன் பிறகு அவர் யார் வாயிலும் மிஷின் வைக்கவில்லை. ஆலோசனை மட்டும் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவுமில்லை; ஐந்தாம் மாத வயிற்றோடு நானேதான் நின்றேன். போகும்போதும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. யூகேஜி. போன மாதம் அவள் பால்பல் ஆடியபோது அங்கேதான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பார்த்தார். டாக்டர் பின்னறையில் இருந்தார், முன்னைவிட மெலிந்து. கட்டைவிரல் தடிமனுள்ள பிரஷை வைத்துப் பலகையின் பாறைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். புது வீரர்கள் யாருக்கும் கண் இல்லை. புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் மட்டும். "மூணடி தள்ளி நின்னு பாத்தா எல்லாத்துக்கும் கண்ணு இருக்கு. புரொபசர் இன்னும் கண்டுபிடிக்கல" என்று சிரித்தார். மகள் பலகையிலிருந்த குதிரைப் பொம்மை ஒன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். நான் அதட்ட, "விடும்மா, பட்டாளத்துல ஆள் சேருது" என்றார்.

ஆறு வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அப்போதுதான் சொன்னேன். "அந்தச் செம்பட்டிக்காரரு தலைய ஆட்டல சார். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் பிரஷை நிறுத்தவில்லை. "தெரியும்மா. நீ சொன்ன மறுநாளே பஸ் ஏறிப் போயிட்டேன். ஒங்க தலை ஆடலண்ணே, என் கையிதான் ஆடுச்சுன்னு சொன்னேன். அந்த மனுசன் கோவப்படுவாருன்னு பாத்தா, ஒரு சீப்பு பழத்தக் குடுத்து சாப்பிடச் சொல்றாரு. அவரு மண்டில உக்காந்து சாப்ட்டுட்டு வந்தேன்." பிறகு, "ஒங்கிட்ட அப்பவே சொல்லிருக்கணும். நீ வயித்துல புள்ளையோட இருந்த, கலங்கிப்போவியோன்னு விட்டுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஆட்டோவில் மடியில் குதிரையோடு தூங்கிய மகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவளுடைய வண்ணம் தீட்டும் நோட்டில் ஒரு யானை இருந்தது. அதற்கு முந்தின வாரம் பள்ளியில் அந்த யானைக்கு ஸ்டார் போட்டிருந்தார்கள். அவள் கை கழுவப் போயிருந்த நேரத்தில், கோட்டுக்கு வெளியே போன சாம்பல் நிறத்தையெல்லாம் அழித்து, காதைச் சீராக்கியது நான். இது முதல் தடவையும் அல்ல. மற்றப் பிள்ளைகள் அழகாகத் தீட்டுகிறார்களே, இவளை ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நல்ல அம்மா என்றால் இதையெல்லாம் கவனிக்க வேண்டுமல்லவா என்ற நினைப்பு.

மறுநாள் காலை நோட்டை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தக் காது அம்மா சரிபண்ணுனது" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நான் வெளிய போயிட்டேன். அப்புறம் வந்து பாத்தா உள்ள இருந்துச்சு."

"தெரிஞ்சா ஏண்டி கேக்கல?"

குதிரையை நோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ பாவம்ல."

பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஒரு மயில். வண்ணக்குச்சி டப்பாவிலிருந்து நீலத்தைத் தேடி எடுத்தாள். மயிலின் கழுத்தில் தொடங்கிய நீலம் கோட்டைத் தாண்டி, வெற்றிடத்தைத் தாண்டி, தாளின் ஓரம் வரை போய்க்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.