வயிற்று உயரத்தில் ஒரு கண்ணாடி

குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் போன முதல் கல்யாணம் திருக்காட்டுப்பள்ளியில். மணப்பெண் என்னிடம் கணக்குப் படித்தவள். அப்போது என் வயிற்றில் ஒரு துளையும் அதன்மேல் ஒட்டிய பையும் வந்துவிட்டிருந்தன. மலம் அந்தப் பையில்தான் சேரும். ஓரம் பிரிந்தால் உடனே மாற்றியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் சமர்த்தாக வந்த பை, பொங்கலும் கொத்சும் சாப்பிட்டு எழுந்ததும் பிரியத் தொடங்கியது.

மண்டபத்துக் கழிப்பறைக்கு ஓடினேன். தரையெல்லாம் ஈரம். கதவில் கொக்கி இல்லை, சாமான் வைக்க ஒரு பலகை இல்லை. புதுப் பையை எங்கே வைப்பது, பட்டுப்புடவையை எந்தக் கையால் பிடிப்பது? கைப்பையால் வயிற்றை மறைத்துக்கொண்டு மாடியேறி மணப்பெண் அறைக் கதவைத் தட்டினேன்.

பாதி அலங்காரத்தில் இருந்தாள். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை.

“ஆபரேஷன் பண்ணி வயித்துல பை வச்சிருக்காங்கம்மா. இப்பவே மாத்தணும். உன் பாத்ரூமுக்குப் போகட்டுமா?”

“இதுக்குப் போயி கேட்கணுமா? போங்க டீச்சர், மெதுவா வாங்க.”

உள்ளே பலகை, கொக்கி, இடுப்பு வரை தெரியும் கண்ணாடி! பழைய பையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே அவள் அம்மாவின் குரல்.

“பொண்ணை அழைச்சிட்டு வரச் சொல்றாங்க. உள்ள யாருடி?”

“டீச்சர். அவங்க வந்ததும்தான் நான் வருவேன். ஐயரைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லச் சொல்லும்மா.”

சிரிப்பை அடக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுப் பையை ஒட்டினேன்.

தாலி கட்டியானதும் மண்டபத்துக்காரரைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கூச்சமெல்லாம் மாடியிலேயே போய்விட்டிருந்தது.

“என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர்.”

“கீழே ஒரு கழிப்பறையில கொக்கி, பலகை, கண்ணாடி, மூடி போட்ட குப்பைத்தொட்டி.”

“அவ்வளவுதானா? கட்டடத்தையே இடிக்கச் சொல்வீங்களோன்னு பயந்துட்டேன்!”

அந்தப் பெண்ணின் வளைகாப்பும் அதே மண்டபத்தில்தான். போனதும் கழிப்பறையைத் திறந்து பார்த்தேன். சொன்னதெல்லாம் இருந்தது. கண்ணாடியில் மட்டும் என் முகம்தான் தெரிந்தது.

“எனக்கு வயிறு தெரியணுமுங்க,” என்றேன் மண்டபத்துக்காரரிடம்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தவர், அப்போதே ஆளைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டவைத்தார். பூ வைத்துக்கொள்ள வந்த பெண்கள் முழங்காலை மடக்கிக் குனிந்தபடி, “யாரு இவ்வளவு கீழ மாட்டினது?” என்று அலுத்துக்கொண்டார்கள். நான் பந்தியில் போய் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.