டச்சு அக்காவின் தலையாட்டல்

அலுவலகத்தில் அவளுக்கு டச்சு அக்கா என்றே பெயர். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் என்று எதை வாங்கினாலும் உள்ளே பல மொழிகளில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, அதில் 'ஈரக் கையால் தொடாதீர்கள்', 'இங்கே அழுத்துங்கள்' என்று டச்சில் இருப்பதெல்லாம் அவள் கைவண்ணம். ஆங்கிலத்தில் வருவதை டச்சில் தட்டி அனுப்புவாள். அகராதியும் கணினியும் போதும். அந்த மொழியை ஒருவர் பேசி அவள் கேட்டதும் இல்லை, தானாக வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்க ஆள் வந்தது. மகன் ஒரு டச்சுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். போதாததற்கு, "எங்கம்மாகிட்ட உன் பாஷையிலயே பேசலாம்" என்று அவளிடம் பெருமையடித்து வைத்திருந்தான், படுபாவி!

மருமகள் ஆசை ஆசையாகப் பேசினாள். அக்காவுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இருவருக்கும் ஆங்கிலம் நன்றாக வரும்தான். ஆனால் அதில் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடுமே. ஆகவே சிரித்தாள், தலையாட்டினாள், வேலை இருப்பதாகச் சைகை காட்டி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாளாக நாளாக மருமகளின் பேச்சு குறைந்தது. அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்து குதித்தான்.

"என்னம்மா நீ? 'என்னைப் பிடிக்கலையா, நாங்க தனியாப் போயிடட்டுமா'ன்னு அவ கேட்டதுக்குச் சிரிச்சிக்கிட்டே தலையாட்டினியாமே!"

"அய்யய்யோ, அதையா கேட்டா?"

"வேற வீடு பாத்தாச்சு. பெட்டி கட்டிட்டு இருக்கா."

அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. அந்தப் பெண்ணையும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. விடுவிடுவென்று போனாள். துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளிடம், 'போகாதே' என்று டச்சில் சொன்னாள். மருமகள் விழித்தாள். அக்கா மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டிக்குப் புரிந்திருக்குமோ என்னவோ, அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

மானம் போனால் போகட்டும் என்று ஆங்கிலத்துக்குத் தாவினாள்.

"எனக்கு எழுத மட்டும்தாம்மா தெரியும். நீ பேசினது ஒண்ணுகூடப் புரியல. வெக்கத்துல தலையாட்டிட்டேன். இப்ப போகாதேன்னு சொல்ல வந்தேன்."

மருமகள் கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பிறகு 'போகாதே' என்பதை டச்சில் எப்படிச் சொல்வது என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். மாமியார் திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் மருமகள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.